மீண்டு வந்தவரைப் பணியில் அமர்த்திய பிறகு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். குடிநோய்க்கும் மனநோய்க்கும் சிகிச்சை தரும் சிறிய மையம் ஒன்றை நடத்துகிறீர்கள். உங்களிடமே சிகிச்சை பெற்று, சில ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவரையும், மனச்சிதைவு நோயிலிருந்து மீண்ட ஒரு பெண்ணையும் பணியில் சேர்த்திருக்கிறீர்கள். நோயாளிகளும் குடும்பத்தாரும் அவர்களிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே இருவரும் சோர்ந்து தெரிகிறார்கள். ஒருவர் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். "அவர்களுடைய மனவுறுதியை வளர்க்க என்ன பயிற்சி கொடுக்கலாம்?" என்பது உங்கள் கேள்வி.

மனநல சமூகப் பணியாளராக, இப்படிப் பணிக்கு வந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்தும் அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தும் பழகியவன் என்ற முறையில், கேள்வியைச் சற்றுத் திருப்பிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். குடியிலிருந்தோ மனநோயிலிருந்தோ மீண்டு, அந்த அனுபவத்தையே தொழிற்கருவியாகக் கொண்டு வேலைக்கு வருகிறவரிடம் மனவுறுதி குறைவாக இருப்பது அரிது. பெரும்பாலும் குறைவாக இருப்பது அவருக்கென்று வகுக்கப்பட்ட வேலைதான். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, யாரிடம் போய்ப் பேச வேண்டும், உடல்நிலை சரியில்லாமல் போனால் என்ன நடக்கும், சம்பளம் எவ்வளவு என்பவை எதுவும் எழுதப்படாத ஓர் இடத்தில் எவரை உட்கார வைத்தாலும் அவர் ஆறு மாதத்தில் களைத்துப்போவார். ஆகவே அவர்களை மாற்றுவதற்கு முன் வேலையை ஒழுங்குசெய்யுங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம். அதை எப்படிச் செய்வது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட பணியாளர்கள் ஏன் தேவை என்பதில் உங்களுக்கு ஐயம் இல்லை என்றாலும், உங்கள் நிர்வாகக் குழுவுக்கு இருக்கக்கூடும். எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையையோ உதவியையோ பெற்றிருந்தார். மற்றவர்கள் வராததற்கு மருத்துவர் பற்றாக்குறை மட்டும் காரணம் அல்ல. தன்னைப் பற்றி முன்பே தீர்ப்பு எழுதிவைத்திருக்கும் மனிதர்கள் முன்னால் போய் உட்கார யாருக்கும் மனம் வருவதில்லை. எதிரே இருப்பவரும் இதே நாற்காலியில் ஒரு காலத்தில் கைநடுக்கத்தோடு உட்கார்ந்திருந்தவர் என்று தெரியும்போது பேச்சு வேறு விதமாகத் தொடங்குகிறது.

அதே நேரத்தில் இவர்களைப் பணியில் வைத்தாலே நல்லது நடந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 11 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, நோயனுபவம் உள்ள பணியாளர்கள் தரும் சேவையின் விளைவுகள் மற்றத் தொழில்முறையாளர்கள் தரும் சேவையைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றது. 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், மனநல நெருக்கடிக் குழுவின் கவனிப்பு முடிந்தவர்களுக்கு நோயனுபவம் உள்ள ஒருவர் நேரில் துணையிருந்து, தற்பராமரிப்புப் பயிற்சி ஏட்டை எழுத உதவினார். ஏடு மட்டும் அஞ்சலில் அனுப்பப்பட்டவர்களில் 38 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் மறுபடி நெருக்கடிச் சிகிச்சைக்கு வந்தார்கள். துணை கிடைத்தவர்களில் அது 29 சதவீதமாக இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்டில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இத்தகைய துணை தரப்பட்டும், மறுபடி சேர்க்கப்படுகிறவர்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முடிவுகள் இப்படி மாறி மாறி வருவதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். இவர்கள் என்ன வேலைக்கு, எந்த ஏற்பாட்டோடு அமர்த்தப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1999இலேயே இந்தப் பணிக்கு அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஊதியம் தர வழி செய்தது. 2007இல் அந்தக் காப்பீட்டை நிர்வகிக்கும் அந்நாட்டு ஒன்றிய அரசு அமைப்பு மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம், மேற்பார்வை, சிகிச்சைத் திட்டத்தோடு இணைப்பு, பயிற்சியும் சான்றும் ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. பணியாளரின் மனவுறுதி அந்தப் பட்டியலில் இல்லை.

நம் நாட்டிலும் இது புதிய எண்ணம் அல்ல. ஒன்றிய அரசின் நிதியுதவியோடு நடக்கும் போதை மறுவாழ்வு மையங்களுக்கான விதிகளிலேயே பியர் எஜுகேட்டர், அதாவது அதே அனுபவத்தைக் கடந்து வந்த வழிகாட்டி, என்ற பதவி உண்டு. போதைப் பழக்கத்திலிருந்து விடுபட்டு ஓரிரு ஆண்டுகள் ஆனவராக இருக்க வேண்டும் என்பது அதற்கான தகுதிகளில் ஒன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிகளின் முறையீடுகளை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியங்களில் மாவட்ட நீதிபதியோடும் மனநல மருத்துவரோடும் சமமாக உட்காரும் உறுப்பினர் இடங்கள் இரண்டை, நோயனுபவம் உள்ளவர்களுக்கோ அவர்களைப் பராமரிப்பவர்களுக்கோ அவர்கள் சார்பான அமைப்பினருக்கோ ஒதுக்கியிருக்கிறது. குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகளில் சிகிச்சையின் தரத்தையும் நோயாளிகளின் உரிமைகளையும் மேம்படுத்தும் உலகச் சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டி ரைட்ஸ் திட்டம் 2014 முதல் நடந்தபோது, நோயாளிகளாக இருந்தவர்களே மற்ற நோயாளிகளுக்கு ஆதரவுத் தொண்டர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அதற்கெல்லாம் முன்பே குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கம் 1935இல் அமெரிக்காவில் ஓஹாயோவின் ஏக்ரன் நகரில் ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியோடு பேசியதிலிருந்துதான் பிறந்தது. ஏட்டில் இடம் இருக்கிறது. நாள்தோறும் அந்த வேலையைச் செய்கிறவருக்கு உரிய ஏற்பாடுதான் பெரும்பாலான இடங்களில் இல்லை.

முதல் வேலையாக, இருவரும் இப்போது உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்பதை ஒரு வாரம் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்த பல மையங்களில் இந்தப் பட்டியல் அதிர்ச்சி தரும். நோயாளியோடு பேசுவது, குழுக் கூட்டம் நடத்துவது, வீட்டுக்குச் சென்று பார்ப்பது என்று தொடங்கியவர், சில மாதங்களில் சமையலறைக்குச் சாமான் வாங்குகிறவராகவும், இரவுக் காவலராகவும், வண்டி ஓட்டுகிறவராகவும், முரண்டு பிடிக்கும் நோயாளியைப் பிடித்துக்கொள்கிறவராகவும் ஆகிவிடுகிறார். 'ஆளில்லை' என்ற ஒரே காரணத்தால் இது நடக்கிறது. இவற்றில் கடைசியாகச் சொன்னதை இன்றே நிறுத்துங்கள். தனியார் மறுவாழ்வு மையங்கள் சிலவற்றில், குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில், வர விரும்பாத ஒருவரை நான்கைந்து பேர் வீட்டுக்கே போய் வண்டியில் ஏற்றிவரும் 'பிக்கப்' வழக்கம் இருக்கிறது. அந்த நான்கைந்து பேரில் பெரும்பாலானவர்கள் அதே மையத்தில் சிகிச்சை பெற்றவர்கள்தான். அப்படித் தன்னை இழுத்துவந்தவரிடம் மறுநாள் எவரும் மனம்விட்டுப் பேச மாட்டார். இழுத்துவந்தவருக்கும், தன்னை ஒருநாள் அப்படி இழுத்துவந்த நினைவு திரும்பும். சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை வேறு வழியே இல்லாத உடனடி ஆபத்தில், மருத்துவரின் பொறுப்பில் மட்டும் அனுமதிக்கிறது. நோயனுபவத்தின் பேரில் வேலைக்கு வந்தவரை இதில் எந்த நிலையிலும் ஈடுபடுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு, அவருக்கான பணிக்குறிப்பை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவர் குட்டி ஆலோசகரும் அல்லர், குட்டிச் செவிலியரும் அல்லர். மருந்தின் அளவைப் பற்றி அறிவுரை சொல்வதும், நோயைப் பெயரிட்டுக் கண்டறிவதும் அவர் வேலை அல்ல. புதிதாக வந்தவருக்கு மையத்தின் நடைமுறையைப் பயமின்றிப் புரியவைப்பது, தன் அனுபவத்திலிருந்து பயன்படும் பகுதியைத் தேர்ந்து பகிர்வது, நோயாளி மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதைச் சொல்வதற்குத் துணை நிற்பது, வீடு திரும்பிய முதல் வாரங்களில் தொடர்பில் இருப்பது ஆகியவை அவர் வேலை. இவற்றை மற்றவர்கள் அவரைப் போலச் செய்ய முடியாது. நியூசிலாந்தில் இப்பணியாளர்களுக்கென்றே தகுதித்திறன் வரையறை ஒன்றை 2014இல் வெளியிட்டார்கள். அந்த அளவுக்கு விரிவான ஆவணம் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் மருத்துவர் முதல் காவலாளி வரை எல்லாரும் படித்துக் கையெழுத்திடும் ஒரு பக்கம் கட்டாயம் தேவை.

இருவரில் ஒருவர் உங்களிடமே சிகிச்சை பெற்றவர் என்பதால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நேற்று வரை நோயாளியாக இருந்தவர் இன்று பணியாளர் என்பதை மையம் முழுவதும் மனத்தளவில் ஏற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். செவிலியர் அவரை இன்னும் ஒருமையில் அழைப்பார். பணியாளர்கள் சாப்பிடும் இடத்தில் அவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். அவருடைய பழைய கேஸ் ஷீட்டை யார் வேண்டுமானாலும் அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கலாம் என்ற நிலை இருக்கும். அந்தக் கோப்பைத் தனியாகப் பூட்டிவைத்து, யாரிடம் சாவி இருக்கிறது என்பதை அவருக்குத் தெரிவியுங்கள். அவருடைய சிகிச்சையை முடிந்தால் வேறொரு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ள உதவுங்கள். அது இயலாது என்றால், சிகிச்சை தரும் மருத்துவரும் வேலையில் அவருக்கு மேலதிகாரியும் ஒரே நபராக இருக்கக் கூடாது என்பதையாவது உறுதிசெய்யுங்கள். தன் மாத்திரையை எழுதித் தருகிறவரிடமே விடுப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருப்பவர், 'இரண்டு நாளாகத் தூக்கமில்லை' என்பதை அந்த மருத்துவரிடம் சொல்லத் தயங்குவார். மறைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் சிகிச்சையும் கெடும், வேலையும் கெடும்.

மேற்பார்வையைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா ஏற்பாடுகளிலும் இதுதான் முதலில் கைவிடப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது, முன்கூட்டியே குறித்த நேரத்தில், கதவை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நடைபாதையில் நின்றபடி 'எல்லாம் சரியாகப் போகிறதா?' என்று கேட்பது மேற்பார்வை ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தில் பேச வேண்டியது அவருடைய நோயை அல்ல, அவருடைய வேலையை. எந்த நோயாளியின் பேச்சு மனத்தில் தங்கிவிட்டது, தன் கதையின் எந்தப் பகுதியைச் சொன்னார், அது கேட்டவருக்குப் பயன்பட்டதா அல்லது சொன்னவரின் பாரத்தைக் கேட்டவர்மேல் இறக்கிவைத்ததா, யார் இரவில் தொலைபேசியில் அழைக்கிறார், யார் கடன் கேட்டார் என்பவை அங்கே வரட்டும். இதோடு, அதே வகை அனுபவம் உள்ள மூத்த பணியாளர் ஒருவரோடு மாதம் ஒருமுறையாவது பேச வழி செய்யுங்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் வேறு மாவட்டத்தில் தேடிப் பிடித்துக் காணொளியிலாவது இணையுங்கள். அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். நல்ல மனம் படைத்த மருத்துவர் எவ்வளவு பரிவாகக் கேட்டாலும், 'நோயாளி என்னைத் திட்டியபோது பழைய குரல் ஒன்று காதில் ஒலித்தது போல இருந்தது' என்பதை அந்தப் பெண் அவரிடம் சொல்லத் துணிய மாட்டார். அதே பாதையில் வந்தவரிடம் சொல்வார்.

அவர்களைச் சோர்வடையச் செய்யும் காரணங்களில் நிர்வாகிகளின் கண்ணுக்கு எளிதில் படாதது ஒன்று உண்டு. அவர்கள் கோபப்படவோ மறுத்துப் பேசவோ முடிவதில்லை. வாராந்திரக் கூட்டத்தில் ஓர் ஆலோசகர் குரலை உயர்த்தினால் அது கருத்து வேறுபாடு. அதே குரலில் மனச்சிதைவிலிருந்து மீண்ட பெண் பேசினால், 'மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா, அம்மா?' என்ற கேள்வி வருகிறது. குடிநோயிலிருந்து மீண்டவர் திங்கட்கிழமை தாமதமாக வந்தால் எல்லாரும் அவர் பக்கத்தில் போய் நின்று மூச்சை முகர்ந்து பார்க்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதும் பேருந்து வரவில்லை என்பதும் மற்றவர்களுக்கு மட்டுமே பொருந்தும் காரணங்களாகிவிடுகின்றன. இத்தனைக்கும் இவர்களை வேலைக்கு எடுத்ததே, மையத்தில் எது நோயாளிகளுக்கு வலிக்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் என்பதற்காகத்தான். சொல்லும்போது அதை அறிகுறியாகப் படிப்போம் என்றால், அவர்கள் விரைவில் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள். பணியாளர் எவருக்கும், சந்தேகம் எழுந்தால் எப்படிக் கேட்பது, யார் கேட்பது என்று ஒரு பொது விதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த விதி மருத்துவருக்கும் பொருந்தட்டும்.

இனி அவர்களுடைய கதையைப் பற்றி. விழிப்புணர்வுக் கூட்டம் என்றாலே மேடையில் ஏற்றப்படுகிறவர்கள் இவர்கள்தான். கல்லூரியில் பேச வேண்டும், காவல்துறை நிகழ்ச்சியில் பேச வேண்டும், நன்கொடையாளர் வந்தால் அவர் முன்பும் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும், மிகக் கீழே விழுந்த நாளைத்தான் கேட்கிறார்கள். மனைவியின் தாலியை அடகு வைத்த நாள், சாலையில் கிடந்த நாள், வீட்டில் அறையில் வைத்துப் பூட்டப்பட்ட நாள். பேசி முடித்ததும் கைதட்டல், பொன்னாடை, பிறகு தனியாக வீடு திரும்பும் பேருந்துப் பயணம். அந்தப் பயணத்தில் அவர் மனநிலை என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே சொல்லாமல் இருக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். ஒரு கூட்டத்துக்கு இசைந்தவர் அடுத்த கூட்டத்துக்கும் இசைந்தார் என்று ஆகாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அவரே தீர்மானிக்க, முன்கூட்டி ஒருவர் உடன் உட்கார்ந்து பேசட்டும். முடிந்த பின் மறுநாள் ஒருவர் அழைத்து விசாரிக்கட்டும். அவருக்கு மேடைப் பேச்சே பிடிக்கவில்லை என்றால், அதனால் அவருடைய வேலைக்குக் குந்தகம் வரக் கூடாது.

கூட்டத்தில் எடுக்கப்படும் காணொளி வாட்ஸ்அப்பில் ஊர் முழுவதும் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நம் ஊர்ச் சூழலில் அதன் விளைவு அவரோடு நிற்பதில்லை. தங்கைக்கு வரன் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், மகனின் பள்ளியில் பார்ப்பார்கள், வாடகைக்கு வீடு தருகிறவர் பார்ப்பார். அந்தப் பெண்ணுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இந்து திருமணச் சட்டத்தில், சேர்ந்து வாழ இயலாத அளவுக்கான மனநோய் என்பது விவாகரத்துக்கு ஒரு காரணமாக இன்றும் இருக்கிறது. மணவாழ்வில் சிக்கலோ, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கோ வந்தால், அவர் நல்லெண்ணத்தோடு பேசிய காணொளி நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே காட்டப்படலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் நோய் பற்றிய தகவலைக் காக்கும் உரிமையைத் தருகிறது. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருவதால், அந்த உரிமை உங்கள் பணியாளர் இருவருக்கும் உண்டு. மையத்தின் துண்டறிக்கையிலும் இணையப் பக்கத்திலும் அவர்கள் படம் இருந்தால், எழுத்துப்பூர்வமான இசைவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பின்னாளில் எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

குடிநோயிலிருந்து மீண்டவர் ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகிறவராக இருந்தால், இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அவருடைய நோயாளிகளும் அதே கூட்டத்துக்கு வரத் தொடங்குவார்கள். மையத்தில் அவர் பணியாளர், கூட்டத்தில் அவரும் ஓர் உறுப்பினர் மட்டுமே. ஆனால் நோயாளிகள் முன்னால் 'இந்த வாரம் எனக்கும் குடிக்கத் தோன்றியது' என்று அவரால் பகிர முடியுமா? முடியாது. அவருடைய மீட்சிக்கு அடிப்படையாக இருந்த ஒரே இடம் இப்படிச் சத்தமில்லாமல் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று பிறகு அவரையே குறை சொல்வார்கள். வேறு பகுதியில் நடக்கும் கூட்டத்துக்கு அவர் போவதற்கு நேரமும், தேவைப்பட்டால் பயணச் செலவும் கொடுங்கள். ஏ.ஏ. மரபில் ஒருவர் மற்றவருக்கு ஸ்பான்சராக, அதாவது மீட்சிப் பாதையில் கூடவே நிற்கும் மூத்த உறுப்பினராக, இருப்பது ஊதியம் வாங்காத உதவி. உங்கள் மையத்தில் அவர் செய்வது ஊதியம் பெறும் பணி. தான் கவனிக்கும் நோயாளிக்கு அவரே ஸ்பான்சராகவும் இருக்க வேண்டாம் என்று அவருக்கும் நோயாளிக்கும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதேபோல் மையத்துக்கென்று ஒரு கைப்பேசி எண் இருக்கட்டும். சொந்த எண்ணைக் கொடுத்தவருக்கு இரவு என்று ஒன்று இருக்காது.

வேலை நேரம் பற்றி மருத்துவ முறையில் சில சொல்ல வேண்டும். மனநோய்க்குத் தரப்படும் மருந்துகள் சில காலையில் கடும் தூக்கக் கலக்கத்தைத் தரும். அப்படிப்பட்டவரைக் காலை ஏழு மணிப் பணிக்கு வரச்சொல்லிவிட்டுச் சுறுசுறுப்பு இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஒன்பதரைக்கு வரச் சொன்னால் சிக்கலே இல்லை. மனச்சிதைவுக்குத் தரப்படும் க்ளோசபின் என்ற மருந்தை உட்கொள்கிறவருக்குத் தொடர்ந்து இரத்தப் பரிசோதனை வேண்டும், அதற்கு அரைநாள் விடுப்பு சம்பளப் பிடித்தமின்றிக் கிடைக்க வேண்டும். இருமுனை மனநோய் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே நோய் திரும்புவதற்குக் காரணமாகலாம் என்பதால் இரவுப் பணி தரக் கூடாது. போதையிலிருந்து மீண்டவரிடம், தூக்க மாத்திரைகளும் வலி மருந்துகளும் உள்ள அலமாரியின் சாவியை இரவில் தனியே ஒப்படைக்காதீர்கள். இது அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. அந்த அலமாரியை இருவர் சேர்ந்து திறப்பது என்று எல்லாருக்கும் பொதுவாக விதி வைத்துவிட்டால் எவர் மனமும் புண்படாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்து, நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. இந்த ஏற்பாடுகளை அந்தக் கொள்கையில் எழுதிவிட்டால், நிர்வாகி மாறினாலும் இவை மாறாது.

நோய் திரும்புவதைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். அவர் நன்றாக இருக்கும்போதே, அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எனக்கு நிலைமை மோசமாகும்போது முதலில் தெரியும் அடையாளங்கள் இவை, அப்போது என்னிடம் இவர் வந்து பேசலாம், என் அண்ணனுக்கு அல்ல என் மனைவிக்குத்தான் சொல்ல வேண்டும், என்னை இந்த மருத்துவமனையில் சேர்க்கலாம், இங்கே சேர்க்க வேண்டாம். தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்பதை ஒருவர் முன்பே எழுதிவைக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் தரும் முன்கூட்டிய அறிவுறுத்தல் என்ற வசதியின் எண்ணமும் இதுதான். அதற்கு எதிர்ப்பக்கத்தில் மையம் எழுத வேண்டும்: குடித்துவிட்டால் அன்றே நோயாளிகளோடு பேசும் பணி நிறுத்தப்படும், மருத்துவ விடுப்பு இத்தனை நாள் உண்டு, திரும்பி வருவதற்கு யார் யார் பேசி முடிவு செய்வார்கள், வந்ததும் முதல் மாதம் எந்த வேலை தரப்படும். குடித்ததற்காகவே வேலை போய்விடும் என்றால் அவர் மறைப்பார். நோயாளிகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்றால் அதுவும் தவறு. குடித்த நிலையில் நோயாளியிடம் பேசியதும், பணம் வாங்கியதும், அத்துமீறியதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவை. நோய் திரும்பியது மட்டும் என்றால் அது சிகிச்சைக்கு உரியது. இந்த வேறுபாட்டை முன்பே எழுதிவைக்காத மையங்களில், நெருக்கடி வரும் நாளில் இரக்கமோ கோபமோ எது முந்துகிறதோ அதுதான் முடிவெடுக்கிறது.

நோயாளி ஒருவர் இறந்துபோனால், இவர்களைத் தனியே விடாதீர்கள். வெளியே போன மூன்றாம் வாரத்தில் மறுபடி குடித்து இறந்தவர், தற்கொலை செய்துகொண்டவர் என்று இந்தத் துறையில் சாவு வரத்தான் செய்கிறது. மற்றப் பணியாளர்களுக்கு அது துயரம். இவர்களுக்கு அதோடு, 'அது நானாக இருந்திருக்கலாம்' என்ற எண்ணமும் 'அவன் கடைசியாக அழைத்தது என்னைத்தானே' என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். அன்று மாலையே உடன் உட்கார்ந்து பேசுங்கள், இறுதிச் சடங்குக்குப் போக விரும்பினால் அனுப்புங்கள், மறுநாள் விடுப்பைக் கேட்காமலே கொடுங்கள்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. 'அவர்களுக்கு இது வேலை மட்டும் அல்ல, சேவை' என்ற சொற்றொடரைச் சொல்லி மிகக் குறைந்த தொகையை மதிப்பூதியமாகத் தருவது பல இடங்களில் வழக்கம். சிகிச்சை முடிந்தவரைச் சோறும் படுக்கையும் தந்து சம்பளமின்றி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அது உழைப்புச் சுரண்டல், வேறு பெயரில் அதை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே அளவு பொறுப்புள்ள களப்பணியாளருக்கு என்ன தருகிறீர்களோ அதையே இவர்களுக்கும் கொடுங்கள். வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் உங்கள் மையத்துக்குப் பொருந்துமானால் அவர்களுக்கும் பிடிக்கப்பட வேண்டும். நோயில் படிப்பை இழந்தவர்கள் இவர்களில் பலர். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் விட்ட பட்டத்தை முடிக்க விரும்பினால் தேர்வு நாள்களுக்கு விடுப்பு கொடுங்கள். பத்து ஆண்டு கழித்தும் அதே பதவியில், அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எவருக்கும் நல்ல எதிர்காலம் அல்ல.

மற்றப் பணியாளர்களுக்கான பயிற்சியும் வேண்டும். அது இவர்களுக்குத் தரும் பயிற்சிக்கு முன்னதாகவே நடந்திருக்க வேண்டும். அவர்களுடைய அச்சத்தையும் வெளிப்படையாகப் பேச விடுங்கள். 'நாங்கள் படித்துப் பட்டம் வாங்கியதை இவர் குடித்து வாங்கிவிட்டாரா?' என்று ஓர் ஆலோசகர் மனத்துக்குள் நினைப்பதைவிடக் கூட்டத்தில் கேட்டுவிடுவது நல்லது. பதில் சொல்ல முடிந்த கேள்விதான் அது. மையத்தில் வேலை பார்ப்பவர்களிலேயே தங்கள் நோயனுபவத்தை மறைத்து வைத்திருக்கும் செவிலியரோ ஆலோசகரோ இருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். இந்த இருவரையும் நீங்கள் நடத்தும் விதத்தை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டவரைப் பற்றிக் கடைசியாக. மேலே சொன்னவற்றில் முடிந்ததைச் செய்துவிட்டு, அவரிடம் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இருக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தன் நோயைப் பற்றி நாள் முழுவதும் பேசாத ஒரு வேலை வேண்டும் என்று ஒருவர் விரும்புவது பின்னடைவு அல்ல, பல நேரங்களில் அது மீட்சியின் அடுத்த படி. கடையில் கணக்கு எழுதவோ ஆட்டோ ஓட்டவோ போகிறேன் என்றால் மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். அனுபவச் சான்றிதழை எழுதும் முன் மட்டும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'பியர் எஜுகேட்டர்' என்று பதவிப் பெயரை அப்படியே எழுதினால், அடுத்து வேலை தரப்போகிறவருக்கு அவருடைய நோய் வரலாறும் சேர்ந்தே தெரிந்துவிடும். 'சமூகக் களப்பணியாளர்' என்று எழுதினாலும் அது உண்மைதான். இரண்டில் எது வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.